நான்காவது பதிவுத் தபால்

எல்வுட் வீட்டுத் திருப்பத்திலேயே வெர்னா ஹாரனை அழுத்த ஆரம்பித்துவிட்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

ஜப்பான் குட்டி லாரியின் ஹாரன், ஆட்டுக்குட்டி கத்துவதுபோல்தான் இருக்கும். ஆனால் அந்த மலைச்சாலையில் அதுவே ஊரைக் கூட்டப் போதும்.

ஒரு பிரயோஜனமும் இல்லை. எல்வுட் கதவைத் திறந்துகொண்டு, ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு வாசலுக்கே ஓடி வந்து நின்றான்.

“ஹாரன் அடிச்சேனே, கேக்கலையா ஒனக்கு?”

“கேட்டுச்சே! பத்தொம்பது வருஷமா தபால் கொண்டாறே, ஒருநாள் ஹாரன் அடிச்சதில்ல. என்னமோ ஏதோன்னு பதறி ஓடியாறேன்.”

வெர்னா தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

இருக்கையில் இருந்த தட்டில் நான்கு பதிவுத் தபால்கள். நான்கும் தலைநகரத்துப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்தவை. உள்ளே என்ன இருக்கிறது என்பது போன வாரமே பக்கத்து ஊர்க்காரர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதில் எல்லோருக்கும் தெரியும். இறக்குமதியான குட்டி லாரிகளைச் சாலையில் ஓட்டப் பதிவு செய்துகொடுத்தது தவறாம். கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய பத்தாவது நாளுக்குள் நம்பர் பிளேட்டைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டுமாம். தோட்டத்துக்குள் ஓட்டிக்கொள்ளலாமாம்.

பெரிய மனசு.

அடுத்த மாதம் இந்த லாரிகளுக்காகச் சட்டசபையில் ஓட்டெடுப்பு. ஜெயித்துவிடும் என்றுதான் பேச்சு. அன்றைக்கு யார் வண்டியில் பிளேட் இருக்கிறதோ அவர்கள் பிழைத்தார்கள். கழற்றிக் கொடுத்தவர்கள் மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

எல்வுட் உறையைப் பார்த்தான். அவனுடைய குட்டி லாரி கொட்டகையருகே, மேப்பிள் மரத்துப் பால் பிடிக்கும் வாளிகளோடு நின்றது.

“நான் வீட்ல இல்லன்னு எழுதிக்கோயேன்.”

“எதுத்தாப்ல நிக்கிற ஆள இல்லன்னு எப்படிய்யா எழுதறது?”

அவன் கையெழுத்துப் போட்டான். இருந்த நாலு பேரில் நல்ல மனசுக்காரன் ஒருத்தன் கதவைத் திறந்தான், அவன்தான் மாட்டினான்.

கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தாள். எல்வுட் வாசலிலேயே நின்று யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தான்.

இந்த வண்டி வருவதற்கு முன் பதினேழு வருஷம் அவள் சாதாரணக் காரில்தான் தபால் போட்டாள். வீட்டுத் தபால் பெட்டிகள் எல்லாம் சாலைக்கு வலப்பக்கம், இந்த ஊர்க் கார்களில் ஸ்டியரிங்கோ இடப்பக்கம். அதனால் வலது இருக்கையில் உட்கார்ந்து, இடது காலைக் குறுக்கே நீட்டிப் பெடலை மிதித்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலது கையால் ஜன்னல் வழியே பெட்டி பெட்டியாகப் போட வேண்டும். ஒரு நாளைக்கு நானூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். இன்னொரு குளிர்காலம் இப்படி உட்கார்ந்தால் இடுப்பு எழுந்திருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குட்டி லாரியில் ஸ்டியரிங்கே வலப்பக்கம். மனுஷி மாதிரி உட்காரலாம். இறக்குமதி விதிப்படி இருபத்தைந்து வயது நிரம்பிய வண்டியாகத் தேடிப்பிடித்து, கப்பலில் வரவழைத்து, அதைப் பதிவு செய்ய மூன்று நடை நடந்தாள். அலுவலகத்துக் கம்ப்யூட்டர் வண்டியின் சேஸிஸ் எண்ணுக்குப் பதினேழு எழுத்து கேட்டது, வண்டியில் இருந்தது பதினொன்றுதான். அதையும் சமாளித்து வாங்கிய பிளேட். அது போனால் வண்டி போச்சு, வண்டி போனால் வேலையும் போச்சு.

ரமோனா வீட்டில் ஹாரன் அடித்ததும் ஜன்னல் திரை சட்டென்று மூடிக்கொண்டது. வெர்னா இறங்கிப்போய் விதிப்படி மூன்று தடவை தட்டினாள். வாசல் பெஞ்சில் காப்பிக் கோப்பையிலிருந்து ஆவி பறந்தது. யாரும் திறக்கவில்லை. சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டாள்: வந்தோம், ஆள் இல்லை. கடிதம் பதினைந்து நாள் தபால் நிலையத்தில் இருக்கும், வந்து வாங்காவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

தலைநகரத்துக்குத் திரும்பி, அங்கே ஒருத்தர் மேஜையில் கிடந்து, மறுபடி கிளம்பி வருவதற்குள் ஓட்டெடுப்பே முடிந்திருக்கும்.

குவிம்பி அண்ணன் தம்பி வீட்டில் புகைபோக்கி புகைந்தது. டிவி மட்டும் கெக்கெக்கே என்று சிரித்தது. டிவிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அங்கேயும் ஒரு சீட்டு.

மிச்சம் இருந்தது ஒன்று.

அந்த வீடு வழித்தடத்தின் கடைசியில், சரளைச் சாலை முடிகிற இடத்தில். வெர்னா வண்டியை நிறுத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நாலு படி ஏறினாள். மூன்று தடவை தட்டினாள்.

“தபால்! கையெழுத்து போடணும்!”

உள்ளே நாய் குரைக்கவில்லை. கதவைப் பிறாண்டி முனகியது.

அவள் ஒன்றிலிருந்து அறுபதுவரை எண்ணினாள். அவசரப்படவில்லை. கதவின் கண்ணாடி வழியே எட்டியும் பார்த்தாள், வேண்டுமானால் யாரும் விசாரித்துக்கொள்ளட்டும். பிறகு தூணில் வைத்து, குண்டு குண்டான எழுத்தில் சீட்டை நிரப்பினாள். நேரம்: இரண்டு நாற்பத்தைந்து. ஆள் இல்லை.

அந்த வீட்டில் குடியிருப்பது ஒரே ஆள், வெர்னா டிபெட்ஸ். அந்த நேரத்தில் அவள் வேலைக்குப் போயிருப்பாள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.