ஞாயிற்றுக்கிழமைப் படகு

“இன்னையோட இந்தப் படகுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுடலாம்மா” என்றாள் மகள், காரின் பின்கதவைத் திறந்துகொண்டே.

பின்சீட்டில் பழைய போர்வை சுற்றிப் படுத்திருந்தது படகு. துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்து வருமே, அந்த இழுவைப் படகின் சின்ன உருவம். சிவப்பு அடிவயிறு, கறுப்புப் புகைபோக்கி, விளிம்பைச் சுற்றி நுணுக்கமான கயிற்று வேலை. ரிமோட்டில் ஓடும். அப்பா போன பிறகு மாடி அறையில் சும்மா கிடந்தது. வீட்டைக் காலி செய்து அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போக வந்திருந்த மகள், ஏரியில் படகு விடுகிறவர்களிடமே இதைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தாள்.

“குடுத்துடலாம்” என்றாள் அம்மா. “அவர் இல்லாம எனக்கு இங்க என்ன வேலை?”

இருவருமாகத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார்கள். வார்னிஷ் வாசனை மகளின் மூக்கில் ஏறியது. கூடவே அந்தக் காலமும்.

சாயங்காலமானால் மாடி அறைக் கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே அப்பாவும் அம்மாவும். உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கீழே வரை கேட்கும். கொடியில் இருக்கிற கிளிப்பெல்லாம் படகின் பலகைகளைக் கவ்விப் பிடிக்க மாடிக்குப் போய்விட, துவைத்த துணி பறந்து பக்கத்து வீட்டில் விழும். குளியல் தொட்டியில் படகு மிதந்துகொண்டிருந்ததால் குளிக்காமலே பள்ளிக்கூடம் போன நாளும் உண்டு. சடை பின்னிவிடும்போது அம்மாவின் விரல்களில் பெயின்ட் தின்னர் நெடி அடிக்கும். தன் கிறுக்குக்கு அம்மாவையும் வேலை வாங்குகிறாரே என்று மகளுக்கு அப்பா மேல் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். விடிந்ததும் இருவரும் ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்பாவைப் பெற்ற பாட்டியிடம் மகளை விட்டுவிட்டுப் போவார்கள். “ஆம்பளைக்கு ஆயிரம் கிறுக்கு இருக்கும். அவன் பின்னாடி இவளும் மூட்டை தூக்கிட்டுப் போகணுமா?” என்று பாட்டி நாள் முழுக்க முணுமுணுப்பாள். பாட்டி பேசியதில் மகளுக்குச் சம்மதமாக இருந்தது அந்த ஒன்றுதான்.

கரையில், ஞாயிறுதோறும் அங்கே படகு விட வரும் பல் டாக்டர் தன் சின்னப் பாய்மரப் படகைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“நிஜமாவே குடுக்கறீங்களாக்கா?”

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் தலையாட்டினாள்.

“அப்படின்னா கடைசியா ஒரு சுத்து விட்டுட்டுக் குடுங்க” என்றார் அவர்.

“நீ விடு” என்று ரிமோட்டை மகளின் கையில் திணித்தாள் அம்மா.

தண்ணீரில் இறங்கிய படகு குடித்தவன் மாதிரி தள்ளாடியது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பியதும், மகள் ஒரு பக்கம் திருப்ப, அது மறுபக்கம் போனது.

“அது உன்னப் பாத்து வரும்போது இடம் வலமாயிடும்” என்றாள் அம்மா. “மாத்தித் திருப்பு.”

“உனக்கு இதெல்லாம் மனப்பாடமே ஆயிடுச்சு, பாவம்.”

“பாவமா?”

“பின்ன? எத்தனை ஞாயித்துக்கிழமை! என்கூட ஒரு நாள் சினிமாவுக்கு வந்திருக்கியா நீ? அப்பாவோட ஆசைக்கு இங்க வந்து வெயில்ல காஞ்ச. உனக்கு என்ன பிடிக்கும்னு அவர் ஒரு நாளாவது கேட்டிருப்பாரா?” கோபப்படுவதற்கும் அவர் இப்போது இல்லை.

அதற்குள் படகு நேராகப் போய் நாணல் புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது. அடியில் இருந்த சுழலியில் பாசி சுற்றி, மோட்டார் முனகியது.

பல் டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை மடித்தார்.

“இருங்க தம்பி” என்றாள் அம்மா. “இங்க குடும்மா அத.”

ரிமோட்டை வாங்கிய கை அவசரப்படவில்லை. கொஞ்சம் பின்னால், ஒரு நொடி முன்னால், மறுபடி பின்னால். சுற்றிய பாசி இழை இழையாகக் கழன்றது. படகு பின்வாங்கி வெளியே வந்து, நின்ற இடத்திலேயே திரும்பி, கோடு போட்ட மாதிரி கரையை நோக்கி வந்தது. கல்லில் உரசாமல், அம்மாவின் காலடியில் அடங்கி நின்றது.

மகள் குனிந்து படகைப் பார்த்தாள். “அப்பா உனக்கு இவ்வளவு நல்லா சொல்லிக் குடுத்திருக்காரா?”

பல் டாக்டர் சிரித்துவிட்டார். “அவரா? ரிமோட்ட எந்தப் பக்கம் பிடிக்கணும்னே அவருக்குத் தெரியாதேம்மா.”

அம்மா படகை மறுபடி ஏரிக்குள் திருப்பினாள். “செஞ்சதும் நான்தான், ஓட்டினதும் நான்தான். மருமக படகு விடறான்னா உன் பாட்டி வீட்டையே ரெண்டாக்கியிருப்பாங்க, அதனால கிறுக்குங்கற பேர உங்கப்பா வாங்கிக்கிட்டார், பாட்டி போன பிறகும் அது அவர்கிட்டயே தங்கிடுச்சு” என்றாள், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். “தண்ணியக் கண்டாலே தலைசுத்தற மனுஷன்டி அவர், ஒரு ஞாயித்துக்கிழமை தவறாம என்னைக் கூட்டிட்டு வந்து, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பார்.”