ஆப்னரின் ரத்தம்

சவப்பெட்டி பிக்கப் வண்டியில் இருந்தது. கல்லறைத் தோட்டத்தின் வாசல் பூட்டியிருந்தது. சாவி ஆர்வல் அண்ணனின் சட்டைப்பையில் இருந்தது.

வாசலுக்கு மேலே பலகை. ‘ஆப்னர் தாக்ஸ்டனின் ரத்தத்தில் வந்தவர்களுக்கு மட்டும்.’ அண்ணனின் அப்பா, அதாவது என் பெரியப்பா, அடித்த பலகை.

மே மாத ஞாயிறு, கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாள். தாக்ஸ்டன் குடும்பத்தில் எண்பது பேர், பூவும் மூடிபோட்ட பாத்திரங்களுமாக மலைமேல் நின்றோம். உருளைக்கிழங்கு சாலட் வெயிலில் கெட்டுக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்தவர் வென்டல். வீடு கீழே பள்ளத்தில். நாற்பது வருடமாக இந்தத் தோட்டத்தில் புல் வெட்டியவர். புல் வெட்டும்போது மட்டும் யாரும் அவரிடம் ரத்தம் கேட்கவில்லை.

அவர் டெல்ஃபியின் வழியில் வந்தவர். எங்கள் குடும்ப பைபிளில், பிறப்புகளை எழுதும் பக்கத்தில், கத்தியால் சுரண்டி எடுக்கப்பட்ட பெயர் டெல்ஃபி. கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவள், ஆப்னரின் மகளே இல்லை, எவளோ வேலைக்காரி என்பது எங்கள் வீட்டுப் பேச்சு.

மற்ற நாங்கள் எல்லோரும் மகன் ஜெஸ்ஸியின் வழி. கென்டக்கியின் இந்த மலையில் முதல் மரத்தை வெட்டியவர் ஆப்னர் என்று மார்தட்டிக்கொள்கிற கூட்டம். அவருக்கு முன்னால் இங்கே மனிதர்களே இல்லாத மாதிரிதான் பேசுவோம். 1782இல் உப்புக் காய்ச்சப் போன இடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

முப்பது வருடத்துக்கு முன் எங்கள் வம்சப் புத்தகத்தை அச்சடித்தவள் நான். பைபிளைப் பார்த்து அப்படியே எழுதினேன். எந்த வருடம் அச்சான பைபிள் என்று முதலில் பார்ப்பதுதான் இந்த வேலையின் அரிச்சுவடி. நான் பார்க்கவில்லை.

போன குளிர்காலத்தில் வென்டல் வந்தார்.

“வெர்னா, செத்தா எனக்கு மேல இடம் உண்டான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்.”

அப்போதுதான் பார்த்தேன். 1815இல் அச்சான பைபிள். அதற்கு முப்பத்தைந்து வருடம் முந்தைய பிறப்புகளெல்லாம் அதே மை, அதே கையெழுத்து. யாரோ ஒருநாள் உட்கார்ந்து, தனக்கு வேண்டியபடி எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் மாதம் நீதிமன்றத்துப் பழைய கட்டுகளில் ஒரு காகிதம் கிடைத்தது, நகல் எடுத்துக்கொண்டேன். வென்டலிடம் சொல்லவில்லை. பயம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். வியாழக்கிழமை அவர் போய்விட்டார். நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வென்டலின் மகள் ட்ரீவா வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

“நல்ல மனுசன்தான், யாரு இல்லன்னா?” என்றார் அண்ணன். “ஆனா ரத்தம் இல்லையே. இன்னிக்கு இவருக்குத் திறந்தா நாளைக்கு ஊரே வந்து இங்க படுக்கும்.”

“அண்ணே, வென்டல் ஆப்னர் ரத்தம்தான். காகிதம் இருக்கு.”

“இருந்தா படி. எல்லாருக்கும் கேக்கட்டும்.”

படித்தேன்.

“1790. இறந்துபோன ஆப்னர் தாக்ஸ்டனின் பிள்ளையும் வாரிசுமான டெல்ஃபிக்கு, அவளுடைய நிலத்தைப் பார்த்துக்கொள்ள, இந்த நீதிமன்றம் காப்பாளரை நியமிக்கிறது.”

கூட்டத்தில் சலசலப்பு. ட்ரீவா வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்தது என்று காகிதத்தை மடிக்கப் போனேன்.

அண்ணன் கையை நீட்டினார். “குடு. நானே பாக்குறேன்.”

“பழைய காலத்து எழுத்துண்ணே. உங்களுக்குப் புரியாது.”

“இருபது வருசம் பத்திர ஆபீஸ்ல உக்காந்தவன்கிட்டயா சொல்ற?”

கொடுத்தேன். எண்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்ய?

விரலை வரிமேல் வைத்து நகர்த்தினார். பாதியில் விரல் நின்றது. பின்னால் வந்தது. மறுபடி அதே இடத்தில் நின்றது. வெயிலில் சிவந்திருந்த முகம் வெளுத்துப்போனது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாவியை எடுத்தார். பூட்டில் சாவி இரண்டு முறை வழுக்கியது.

“தூக்குங்கப்பா,” என்றார். பெட்டியின் தலைமாட்டை அவரே பிடித்தார்.

குழி வெட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. மண் மூடியதும் ட்ரீவா வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க மண்ணுல எங்கப்பாவுக்கும் ஒரு இடம் குடுத்தீங்க. சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்.”

அண்ணன் தொப்பியைக் கழற்றினார்.

படிக்கும்போது நான் ஒரு சொல்லை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். ‘ஆப்னரின் ஒரே பிள்ளையும் வாரிசுமான டெல்ஃபி’ என்றுதான் அதில் இருந்தது.

ஆப்னர் செத்து எட்டு வருடம் கழித்து எழுதிய வரி அது. அந்தக் காப்பாளர், டெல்ஃபியின் அம்மா மறுபடி கட்டிக்கொண்ட ஆள். ஜெஸ்ஸி அவனுக்குப் பிறந்தவன். டெல்ஃபியின் பெயரைச் சுரண்டியது அவள் நடத்தைக்காக அல்ல, நிலத்துக்காக.

அந்த மலையில் என் அப்பாவும் பெரியப்பாவும் இன்னும் நூற்றுச் சொச்சம் பேரும் படுத்திருக்கிறார்கள். ஆப்னருக்குப் பிறகு, பலகை சொன்னபடி அங்கே படுக்க உரிமை இருந்தவர் அன்றைக்கு வந்த ஒருவர்தான்.

சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, அண்ணன் பலகையைக் கழற்றினார். கேட்டவர்களிடம் கரையான் அரித்துவிட்டது என்றார்.

கரையான் இல்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

ட்ரீவாவிடம் அடுத்த வாரம் சொல்ல வேண்டும்.