காற்று வாங்கும் நேரம்

ஆலையில் வைத்துக் கேட்டால் எவனும் மனதைத் திறக்கமாட்டான் என்று, இயக்குநர் குழு ஒவ்வொரு ஊழியர் வீட்டு வாசல் நிலைக்கு மேலேயும் ஒரு காதை, பச்சை விளக்கு எரியும் ஒட்டுக்கேட்புக் கருவியை, பொருத்தியிருந்தது. வேலை விட்டு வந்தவர் வீட்டுக்குள் பேசுவதைக் கேட்டு அது நிறுவனத்துக்கு ஊழியர் திருப்தி மதிப்பெண் போடும். இந்த ஆண்டு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

குழுவுக்குப் புதியவளான மரகதவல்லிக்கு அந்த எண் உறுத்தியது. யாரிடமும் சொல்லாமல் ஓசூர் ஊழியர் குடியிருப்புக்குப் போய், எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில் நின்றாள். ஆறரை மணிக்கு ஒருவன் கையில் சுற்றிய துணியில் ரத்தம் கசிய வந்தான்.

"இன்னைக்கு நல்லாப் போச்சு" என்றான் வாசலில்.

அவன் மனைவி கையைப் பார்த்தாள். முகம் வெளிறியது. "அப்படியா, சந்தோஷம். மாடியில காத்து நல்லா வருது, வாங்க."

இலைகூட அசையாத மாலை அது. மரகதவல்லி அண்ணாந்து பார்த்தாள். தெரு நெடுக, எல்லா மொட்டைமாடிகளிலும் ஜோடி ஜோடியாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கூட்டத்தில் அதைச் சொன்னாள். தலைவர் சிரித்தார். "நாலாயிரம் வீடு சொல்றதைவிட நீங்க பார்த்த ஒரு தெரு பெரிசா மேடம்? அறிக்கையில கையெழுத்துப் போடுங்க." மற்றவர்கள் போட்டிருந்தார்கள். அவளும் போட்டாள்.

வீட்டில் கணவர் கதவைத் திறந்தார். "மீட்டிங் எப்படிப் போச்சு?"

நிலைக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது. இயக்குநர் வீடுகளிலும் போன மாதம்தான் பொருத்தியிருந்தார்கள்.

"நல்லாப் போச்சு" என்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மாடியில காத்து நல்லா வருதாம், வாங்க."