வாளையின் வயிறு

ஆற்றங்கரையில் பட்டி போட்டிருந்த கோட்டைச்சாமிக்கு வாத்துக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. பக்கத்துக் குடிசை அஞ்சலையின் செவலை நாய்மேல்தான் அவனுக்குச் சந்தேகம். சோற்றில் வயலுக்குப் போடும் குருணை விஷ மருந்தைப் பிசைந்து வைத்தான். நாய் செத்ததும், பாம்பு தீண்டிவிட்டதென்று அழுதவளுக்கு அதைப் புதைக்கக் குழி வெட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

இன்று அஞ்சலையின் தூண்டிலில் இடுப்புயர வாளை ஒன்று மாட்டியது. பகலெல்லாம் கரையோர வேருக்கடியில் பதுங்கிக் கிடந்து, இருட்டியதும் கண்ணைத் தாண்டிப் பிளக்கும் வாயால் இரையை மெல்லாமல் விழுங்குகிற மீன்.

"நீங்களே அறுங்கண்ணே. பாதி உங்களுக்கு."

வயிற்றைக் கீறினான். உள்ளே ஒரு வாத்துக்குஞ்சு முழுசாகக் கிடந்தது. அதன் இறக்கையில், அடுத்தவன் மந்தையோடு கலந்துவிடக் கூடாதென்று அவனே தடவிய ஊதாச் சாயம்.

"என்னண்ணே, சினையா?"

"ஆமா." குஞ்சைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

"குடலைத் தூரப் போட்டுறாதீங்க, நம்ம செவலைக்கு..." என்றவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"சரி, சினையை இதுல போடுங்க" என்று சட்டியை நீட்டினாள்.

கோட்டைச்சாமியின் கை விரியவில்லை.