கப்பலின் அடிப்பக்கம்

அல்பிரட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மீட்டர் நீளப் பிளாஸ்டிக் போர்க்கப்பல் நான்கு மாதமாகக் கவிழ்ந்து கிடந்தது. அவர் அதன் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்னப்பா பிழை?" மனைவி றெஜினா கேட்டாள்.

"முன்பக்க அடி மூண்டு மில்லிமீட்டர் தடிப்பு. செய்தவன் அசல் கப்பலின்ர படத்தைப் பார்க்கேல்லை."

"உங்கட வயிறும் தடிப்புத்தான். முதல்ல அதைத் தேயுங்கோ."

அல்பிரட் தொடர்ந்து கப்பலையே தேய்த்தார். றெஜினாவோடு வாதாடுவதைவிடப் பிளாஸ்டிக்கோடு வாதாடுவது சுகம்.

கடைசி மில்லிமீட்டரும் சரியான அன்று, றெஜினா ஒரு நீளக் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே நீலப் பிசினில் வார்த்த கடல். அலைகளில் நுரைகூட இருந்தது. நடுவே, கப்பலின் அளவுக்கு ஒரு பள்ளம்.

"உங்கட பிறந்தநாளுக்கு. சனிக்கிழமைகளில யோகா எண்டு போனது இதைப் பழகத்தான்."

அல்பிரட் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பாதி விரல்கூட இறங்கவில்லை.

"தண்ணிக்கு மேல தெரியிற பகுதி மட்டும் போதுமாம். அடியை வெட்டிப்போட்டு வைக்கவேணும் எண்டு பழக்கினவ சொன்னவ." றெஜினாவின் குரல் இறங்கியது. "உங்களுக்குக் கவலையே?"

அல்பிரட் வழுவழுவென்றிருந்த அடியை ஒருமுறை தடவினார்.

"சீச்சீ. அந்த அடி கடைசிவரைக்கும் சரிவரேல்லையப்பா," என்றபடி இரம்பத்தை எடுத்தார்.