கண்ணை மூடினால் மீன் வரும்

இதில் ஒரு சிரிப்பு உண்டு. சத்தியம். ஆனால் இப்போது தர மாட்டேன். வெள்ளாயணிக் காயல் கரையில் உட்காருகிறவர்களுக்கு முதல் பாடமே அவசரப்படாதே என்பதுதான்.

பாடம் என்னுடையதல்ல, சத்தியதாஸ் மாமாவுடையது. வாரநாளில் பிளம்பர். ஞாயிற்றுக்கிழமை தூண்டில்காரர். எட்டு வயதில் பிடித்த தூண்டிலை இன்னும் கீழே வைக்கவில்லை. மீன் எங்கே நிற்கும், எப்போது கொத்தும் என்று மீனுக்கே தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும்.

அவரிடம் வந்து மாட்டினார் வினய் சார். கரமனை அக்கிரகாரத்து வீடு. அங்கே பம்பு ரிப்பேருக்குப் போனபோது மாமாவுக்குப் பழக்கம். சாருக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. அவர் வீட்டுச் சமையலறைக்குள் வெங்காயமே யோசித்துத்தான் நுழையும். அவருக்கு எதற்குத் தூண்டில்?

"பிடிச்சுட்டு விட்டுடுவேன் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு. இந்த வருஷம் நான் தொட்ட ஒரு காரியமாவது நடந்ததுன்னு இருக்கட்டும்" என்றார். கண் இரண்டும் செம்பருத்திப் பூ.

சொல்லி முடிப்பதற்குள் அவர் போன் மூன்று தடவை அடித்தது. மூன்று தடவையும் அதே மேனேஜர். "வினய்... ஒன் குயிக் திங்..." மூக்கால் ஓர் இழுப்பு.

எனக்கு அது போதும். ஒரு தடவை கேட்ட குரல் என் தொண்டையை விட்டுப் போகாது. ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ், பஸ் கண்டக்டர், மாமா எல்லாரும் உள்ளேதான் குடியிருக்கிறார்கள்.

மாமா தொடங்கினார்.

"சாரே, முதல்ல அந்த போனை அணைச்சு என் பைக் பெட்டியில போடுங்கோ. அது துடிச்சா கரை அதிரும். கரிமீன் ஓடிரும்."

சார் போட்டார்.

"நிழல் தண்ணியில விழப்பிடாது. அந்தப் பூவரசு மூட்டுல சாஞ்சு இரியுங்கோ."

இது மட்டும் உண்மை. நிழல் கண்டால் மீன் நிற்காது.

"இனி கண்ணை மூடுங்கோ."

"கண்ணையா?"

"மனுஷன் கண்ணு மினுங்கும் சாரே. மீன் முதல்ல காணுதது அதைத்தான்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆறு வருஷமாக மாமாவோடு மீன் பிடிக்கிறேன். ஒருநாளும் என் கண்ணை மூடச் சொன்னதில்லை.

இடமும் அப்படி. வரால் வேண்டுமானால் தாமரை இலை ஓரம் போக வேண்டும். கரிமீனுக்குக் கல்லுக்கட்டு. சாரை மாமா உட்கார்த்தியதோ முழங்கால் ஆழச் சேற்றுத் தண்ணீர்க் கரையில். அதுவும் உச்சி வெயில் நேரத்தில். தவளைகூட அங்கே தங்காது.

தூண்டிலைக் கட்டுவது, மாவு உருட்டுவது, எறிவது எல்லாம் மாமாவே. "நீங்க கம்பைப் பிடிச்சா போரும். மிதப்பு முங்கினா நான் விளிக்கேன்."

ஐந்து ஞாயிறு. ஐந்து பூஜ்யம். சற்றுத் தள்ளிக் கல்லுக்கட்டில் நான் திலாப்பியாவாக இழுத்துப் போடுகிறேன். அவர் கம்பைப் பிடித்தபடியே குறட்டை விடுகிறார். முழித்ததும் ஒரே கேள்வி.

"கொத்தித்தா அண்ணாச்சி?"

"இப்பம்தான் தொட்டுட்டுப் போச்சு சாரே. அடுத்த ஞாயிறு வாருங்கோ."

டீக்கடைத் தாணு அண்ணனுக்கே பொறுக்கவில்லை. "எலே சத்தியதாசு, ஒரு பாவம் மனுஷனை இப்பிடியா களியாக்குதது?"

எனக்குப் பொறாமை. ஐந்து வாரம் ஓடுகிற கேலி! என்னுடையது எதுவும் ஐந்து நிமிஷம் தாண்டியதில்லை.

ஆறாவது ஞாயிறு நானும் பங்கு சேர்ந்தேன். மாமா டீ குடிக்கப் போன நேரம். சார் நல்ல குறட்டையில். பூவரசுக்குப் பின்னால் நின்று மூக்கால் இழுத்தேன்.

"வினய்... ஒன் குயிக் திங்..."

சார் துள்ளி எழுந்தார். "இருக்கேன் சார், இதோ சார், ரெண்டே நிமிஷம் சார்..." இல்லாத போனைச் சட்டைப் பையில் தேடினார். புல்லில் தேடினார். உதடு வெளுத்துவிட்டது.

சிரிப்பு இப்போது வர வேண்டும். வரவில்லை.

மாமா டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். என்னைப் பார்க்கவே இல்லை.

"ஒண்ணுமில்ல சாரே, ஒண்ணுமில்ல. போன் பெட்டியில கெடக்கு. இது நம்ம பிள்ள லிபி."

"ஸாரி சார், நான்தான்" என்றேன், என் சொந்தக் குரலில். அது எனக்கே புதுசாக இருந்தது.

சார் மெல்ல மூச்சு விட்டார். துள்ளிய வேகத்தில், ஒரு கையில் விடாமல் பிடித்திருந்த கம்பும் மேலே எழும்பி, நூல் அவர் முகத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. மாவு கரைந்துவிட்டிருந்தது. நுனியில் ஒரு ஈயக்குண்டு. வேறொன்றும் இல்லை.

"அண்ணாச்சி... முள் எங்கே?"

மாமா தலையைச் சொறிந்தார். "இல்ல."

"போன வாரம்?"

"போன வாரமும் இல்ல. ஆறு வாரமா இல்ல சாரே."

"ஏன்?"

"பம்பு நன்னாக்க வந்த அன்னைக்கு உங்க வீட்டம்மா ஆஷா மேடம் அழுதாங்க. ரெண்டு மாசமா நீங்க ஒரு மணிக்கூர் சேர்ந்தாப்புல உறங்கல்ல, மருந்தும் கேக்கல்லன்னு. எனக்கு வேற என்ன தெரியும்? முள் இருந்தா மீன் மாட்டும். மாட்டினா கம்பை இழுக்கும், நீங்க முழிச்சிருவிய."

சார் நூலைப் பார்த்தார். சேற்றுத் தண்ணீரைப் பார்த்தார். பைக் பெட்டியைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கல்லுக்கட்டில் நின்றிருந்த கொக்கு பறந்துபோனது.

நான் சொன்ன சிரிப்பு இதுதான்.

சிரித்து ஓய்ந்ததும் கம்பை மாமாவிடம் நீட்டினார். பூவரசில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படியே எறியுங்கோ அண்ணாச்சி. மீன் ஏதாவது வந்து கேட்டா, நான் இல்லேன்னு சொல்லிடுங்கோ."