பெட்டியின் இரண்டு ஓட்டைகள்

துணி கீழே கிடந்தது.

முட்டை பொரிக்கும் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு ஓட்டைகள். செய்து கொடுத்தவன் எதற்கோ போட்டிருந்தான். அவர்தான் இரண்டிலும் துணியைத் திணித்து வைத்திருந்தார். மார்கழிக் குளிர். சூடு வெளியே போய்விடக் கூடாது.

இப்போது துணி இரண்டும் தரையில்.

தானாகவா விழும்?

குனிந்து எடுத்தார். மூடியில் பதித்த கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். நேற்று ஆவி பூத்துக் கிடந்த கண்ணாடி. இன்று பளிச்சென்று இருக்கிறது. பல்ப் எரிகிறது. கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது. ஒரு முட்டையில் சின்னதாக விரிசல்.

முட்டைகளை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

வீட்டில் மூன்றே பேர். அவர், மகள் மேகலா, அவள் புருஷன். மேகலா விடிந்ததும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

மிச்சம் யார்?

யுவராஜ். செல்போன் கடையை இழுத்து மூடிவிட்டுப் பெண்டாட்டியோடு மாமனார் வீட்டுக்கு வந்தவன். பத்து நாள்தான் என்றான். ஆடி போய், தீபாவளி போய், பொங்கலே வரப்போகிறது.

இருக்கட்டும். தின்னட்டும். அதை யார் கேட்டது? இந்தப் பெட்டியில் இவனுக்கு என்ன வேலை?

புள்ளிக் கோழி போட்ட கடைசி முட்டைகள் இவை. அடைக்கு உட்காரும் முன்னே கோழியை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. அந்த வம்சம் இனி இந்தத் தெர்மாகோல் பெட்டிக்குள்தான் இருக்கிறது. இது பொரிக்காவிட்டால் அதோடு சரி.

யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. போன வாரம் செல்லில் கோழிக்குஞ்சுப் படமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் பக்கத்தில் போனதும் செல்லைக் கவிழ்த்தான். எதற்குக் கவிழ்க்க வேண்டும்?

நேற்று சாயங்காலம் வந்து, "மாமா, அந்த ஓட்டை..." என்று இழுத்தான். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். அவன் வாயை மூடிக்கொண்டு போனான்.

குஞ்சுகள் சாக வேண்டும். கிழவனுக்கு முட்டையைப் பொரிக்க வைக்கத் தெரியவில்லை என்று ஊர் சிரிக்க வேண்டும். வேறென்ன?

அடப்பாவி.

பழுப்பு டேப்பை எடுத்துவந்தார். மூடியைச் சுற்றி நாலு பக்கமும் ஒட்டினார். துணியை மறுபடி ஓட்டைகளில் திணித்தார். கம்பியை விட்டுக் குத்தினாலும் குத்துவான். ஓட்டைகளின் மேலேயும் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார்.

இனி எவன் கை வைக்கிறான், பார்ப்போம்.

நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்தார். கண்ணாடி மெல்ல மங்கியது. பிறகு உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் சத்தம் கேட்டது.

கீச்.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரே கூச்சல். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

யுவராஜ் கதவோரம் வந்து நின்றான். டேப்பைப் பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான்.

அவர் முறைத்தார்.

அவன் போய்விட்டான்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதும் காது பெட்டியிலேயே இருந்தது. சத்தம் குறைந்திருந்தது. தூங்குகின்றன போல என்று நினைத்துக்கொண்டு ரசத்தை ஊற்றினார்.

டர்ரென்று டேப் கிழிகிற சத்தம்.

எச்சில் கையோடு ஓடினார்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். மூடி ஒரு பக்கம் கிடந்தது. மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளங்கையில் ஈரக் குஞ்சு ஒன்று.

"டேய்!" என்றார். மாப்பிள்ளையை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அவன் திரும்பவில்லை. குஞ்சின் மூக்கில் மெல்ல ஊதினான். நிறுத்தினான்.

"அதுக மூச்சு விட வேண்டாமுங்களா மாமா?"

மறுபடி ஊதினான்.

அவர் பெட்டிக்குள் பார்த்தார். குஞ்சுகள் அலகைப் பிளந்துகொண்டு படுத்திருந்தன. பாதி உடைந்த ஓடுகளுக்குள் சில அசையவே இல்லை.

சூடு போகிற வழி என்றுதான் அந்த ஓட்டைகளை நினைத்திருந்தார். மூச்சு வருகிற வழி என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஐயோ, என் கையாலேயே, என்று முனகியபடி அவனருகில் உட்கார்ந்தார். ஒரு குஞ்சை எடுத்து ஊதினார்.

இரண்டு பேரும் மாறி மாறி ஊதினார்கள்.

ஒன்று தலையைத் தூக்கியது. பிறகு இன்னொன்று. நாலைந்து எழுந்து நின்றன. மற்றவை எழவில்லை.

மேகலா வேலை விட்டு வந்தபோதும் கிழிந்த டேப் தரையெல்லாம் கிடந்தது. செய்தித்தாளில் செத்த குஞ்சுகள். பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"காத்துக்கூடப் போகாம யாரு இப்படி ஒட்டுனது?"

"நான்தான்" என்றான் யுவராஜ்.

"உங்களுக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேலை? அப்பா இதுக மேல உசுரையே வெச்சிருக்காருன்னு தெரியாதா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

எதற்குச் சொல்கிறான்? இதில் இவனுக்கு என்ன லாபம்? பின்னால் சொல்லிக்காட்டுவதற்கா? அவர் அவன் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. அவன் குஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

அவரால் தாங்க முடியவில்லை.

"நான்தான் கண்ணு ஒட்டுனேன். மாப்பிள்ளை மேல ஒரு தப்புமில்லை."

மேகலா அவரையே பார்த்தாள். முகம் இளகியது. கிட்டே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க இங்க வந்ததுல இருந்து அவருக்காக நீங்க ஒரு வார்த்தை பேசுனது இன்னைக்குத்தானுங்கப்பா."

"இல்ல கண்ணு, நெசமாலுமே..."

"போதுமுங்கப்பா. எனக்குப் புரியுது."

அவர் யுவராஜைப் பார்த்தார். அவன் நிமிரவில்லை.

மகளின் கையிலிருந்து கையை எடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.